கல்லீரல் செல்லின் கொழுப்புக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிர்வேதியியல் கற்பித்த ஆண்டுகளில் மாணவர்கள் கேட்ட ஐயங்களையே, இப்போது ஸ்கேன் அறிக்கையும் கையுமாக வீட்டுக்கு வரும் உறவினர்களும் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியதால் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். கல்லீரல் செல் கொழுப்பை எப்படி வாங்குகிறது, வைக்கிறது, விடுகிறது என்பதை விளக்குவதே நோக்கம். யாருக்கு என்ன சிகிச்சை என்பதை அவரவர் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கல்லீரலில் கொழுப்பு கொஞ்சம்கூட இருக்கக் கூடாதா?

இருக்கலாம், இருப்பதுதான் இயல்பு. ஏறத்தாழ ஒன்றரை கிலோ எடையுள்ள கல்லீரலின் பெரும்பகுதி, கல்லீரல் செல்கள் என்று நாம் சொல்லும் ஒரே வகைச் செல்களால் ஆனது. உணவு உண்டபின் குடலிலிருந்து வருவதையும், பட்டினியின்போது உடற்கொழுப்பிலிருந்து வருவதையும் வாங்கிப் பிரித்து அனுப்புவது இவற்றின் அன்றாட வேலை. அனுப்பும்வரை சிறிது நேரம் வைத்திருக்க வேண்டியிருப்பதால், நலமான செல்லிலும் சில கொழுப்புத் துளிகள் தென்படும்.

நுண்ணோக்கியில் பார்க்கும்போது 100 கல்லீரல் செல்களில் 5-க்கு மேற்பட்டவற்றில் கொழுப்புத் துளிகள் தெளிவாகத் தெரிந்தால், அதைக் கொழுப்பேறிய கல்லீரல் என்கிறார்கள். காந்த அதிர்வு முறையில் அளந்தால், கல்லீரலில் கொழுப்பின் பங்கு ஏறத்தாழ 5.5 விழுக்காட்டைத் தாண்டுவது எல்லையாகக் கொள்ளப்படுகிறது. சாதாரண அல்ட்ராசவுண்டு ஸ்கேன் இவ்வளவு நுட்பமானதன்று. ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான செல்களில் மட்டும் கொழுப்பு இருந்தால் அது பெரும்பாலும் தவறவிட்டுவிடும்.

செல்லுக்குள் அந்தக் கொழுப்பு எப்படி இருக்கிறது? எண்ணெய் மாதிரி மிதக்கிறதா?

மிதக்கவில்லை, பொதியப்பட்டு இருக்கிறது. கொழுப்பின் அடிப்படைத் துண்டுகளான கொழுப்பமிலங்கள் தனித்தனியாகத் திரிந்தால் செல்லின் சவ்வுகளைச் சிதைக்கும். ஆகவே செல் மூன்று கொழுப்பமிலங்களை ஒரு கிளிசராலுடன் சேர்த்து ட்ரைகிளிசரைடு ஆக்குகிறது. இந்தக் கட்டுதலின் கடைசிப் படியைச் செய்யும் நொதிகளின் பெயர் டிகாட்-1, டிகாட்-2. இந்த ட்ரைகிளிசரைடு, செல்லுக்குள் பரவியிருக்கும் சவ்வு வலையான எண்டோபிளாச வலையின் இரண்டு சவ்வடுக்குகளுக்கு நடுவே திரண்டு, மொட்டுப் போல வெளியே புடைத்துத் துளியாகிறது. துளியைச் சுற்றி, சவ்வுகளைக் கட்டும் கொழுப்புப் பொருளான பாஸ்போலிப்பிடு ஒற்றை அடுக்காகப் போர்த்தியிருக்கும். செல்லின் மற்ற எல்லாச் சவ்வுகளும் இரட்டை அடுக்காக இருக்க, இது மட்டும் ஒற்றை அடுக்காக இருப்பதற்குக் காரணம் எளிது: உள்ளே எண்ணெய், வெளியே நீர்.

அந்தப் போர்வையின்மேல் பெரிலிப்பின் எனப்படும் காவற்புரதங்கள் உட்கார்ந்திருக்கும். எந்த நொதி துளியைத் தொடலாம், எது தொடக் கூடாது என்பதை இவை தீர்மானிக்கின்றன. ஆகவே துளியை நெல் சேர்த்துவைக்கும் குதிர் போலக் கருதலாம். அடைக்கவும் எடுக்கவும் தனித்தனி வழியும், வாயிலில் ஆளும் உண்டு. நீண்ட காலம் பாடநூல்கள் இதை வெறும் கொழுப்புப் பொட்டு என்று ஒரே வரியில் கடந்து சென்றன. அந்த ஒரு வரியால் மாணவர்கள் இழந்தது அதிகம்.

நான் எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடுவதே இல்லை. பிறகு கொழுப்பு எங்கிருந்து வந்தது?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் செல்லுக்கு மூன்று வரத்துக் கால்வாய்கள் உண்டு: உணவிலுள்ள கொழுப்பு, உடற்கொழுப்புத் திசுவிலிருந்து இரத்தம் வழியாக வரும் கொழுப்பமிலங்கள், செல் தானே சர்க்கரையிலிருந்து புதிதாகச் செய்யும் கொழுப்பு. வெளியேற இரண்டு மதகுகள் உண்டு: செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவில் எரித்தல், துகள்களாகப் பொதிந்து இரத்தத்துக்கு அனுப்புதல். வரத்து மிஞ்சினாலும், மதகு அடைத்தாலும், இரண்டும் சேர்ந்தாலும் ஏரி நிறையும்.

2005-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், கொழுப்பேறிய கல்லீரல் உள்ளவர்களுக்குக் கனமான அணுக்களால் அடையாளமிட்ட கொழுப்பமிலங்களைக் கொடுத்து, பின்னர் அவர்களின் கல்லீரல் திசுவைச் சோதித்தார்கள். அதிலிருந்த ட்ரைகிளிசரைடில் ஏறத்தாழ 59 விழுக்காடு உடற்கொழுப்பிலிருந்து இரத்தம் வழியாக வந்தது. 26 விழுக்காடு கல்லீரலே புதிதாகச் செய்தது. உணவுக் கொழுப்பிலிருந்து நேராக வந்தது 15 விழுக்காடு மட்டுமே. வடையையும் பஜ்ஜியையும் மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் மற்ற இரண்டு கால்வாய்களும் கண்ணில் படாமலே போய்விடும்.

சோறும் சர்க்கரையும் கொழுப்பாக மாறுமா? எப்படி?

மாறும். செல்லுக்குள் வந்த குளுக்கோஸ் முதலில் கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரையாக வைக்கப்படும். அந்த இடம் நிறைந்தபின் மிஞ்சுவது உடைந்து, இரண்டு கரியணு கொண்ட அசெட்டைல் கோ-ஏ என்னும் துண்டாகிறது. அசெட்டைல் கோ-ஏ கார்பாக்சிலேஸ் என்னும் நொதி, சுருக்கமாக ஏ.சி.சி., அதனுடன் ஒரு கரியணுவைச் சேர்த்து மாலோனைல் கோ-ஏ ஆக்குகிறது. அதன்பின் கொழுப்பமில சிந்தேஸ் என்னும் பெரிய நொதி இரண்டிரண்டு கரியணுக்களாகக் கோத்துக்கொண்டே போய், 16 கரியணு கொண்ட பால்மிட்டிக் அமிலத்தைத் தருகிறது.

இந்தத் தொழிற்சாலையைத் திறக்க இரண்டு மேலாளர்கள் உண்டு. இருவருமே மரபணுக்களை இயக்கும் புரதங்கள். எஸ்.ஆர்.இ.பி.பி.-1சி என்பது இன்சுலின் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. 2001-இல் அமெரிக்காவின் டாலஸ் நகர ஆய்வகம் ஒன்று கண்டறிந்த சி.ஆர்.இ.பி.பி. என்பது, சர்க்கரை செல்லுக்குள் நுழைந்ததையே குறிப்பாகக் கொண்டு இயங்குவது. அரிசிச் சோறு நிறைந்த ஒரு வேளை உணவில் இரண்டு குறிப்புகளும் ஒன்றாக வந்துசேர்கின்றன. நலமான ஒருவரிடம் இந்தப் புதுக் கொழுப்பு மிகச் சொற்பம். உண்டபின் சற்று ஏறி, பட்டினியில் அடங்கிவிடும். மேலே சொன்ன மினசோட்டா நோயாளிகளிடமோ, இரவுப் பட்டினிக்குப் பின்னும் அது அடங்கவில்லை. உலை அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது.

பழச்சாறு உடம்புக்கு நல்லதுதானே? அதையும் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

பழத்தைக் கடித்து உண்பது வேறு. நான்கு பழங்களின் சர்க்கரையை ஒரே தம்ளரில் குடிப்பது வேறு. பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ், சாதாரண வெள்ளைச் சர்க்கரையிலும் பாதிப் பங்கு. குளுக்கோஸ் உடையும் பாதையில், செல்லிடம் போதிய ஆற்றல் இருக்கும்போது தானாக மூடிக்கொள்ளும் ஒரு தடுப்புப் படி உண்டு. ஃபிரக்டோஸ் அந்தப் படிக்குக் கீழே நுழைகிறது. அதைப் பிடித்து வைக்கும் கீட்டோஹெக்சோகைனேஸ் என்னும் நொதி, 'போதும்' என்று சொல்லத் தெரியாதது. மேலும், ஃபிரக்டோஸ் சி.ஆர்.இ.பி.பி.-யையும் தட்டி எழுப்புகிறது. மூலப்பொருளும் வருகிறது, தொழிற்சாலையும் திறக்கிறது. சிறிதளவு ஃபிரக்டோஸைக் குடற்செல்களே குளுக்கோஸாக மாற்றிவிடும். ஒரே மூச்சில் நிறைய வந்தால்தான் மிச்சம் கல்லீரலைச் சேர்கிறது. முழுப்பழத்துக்கும் சாற்றுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான்.

ஒரு பக்கம் கொழுப்பு செய்துகொண்டே மறுபக்கம் எரிக்கலாமே, செல் ஏன் அப்படிச் செய்வதில்லை?

இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது வீண் சுற்று என்பதால், செல் அதற்கு ஓர் அழகான பூட்டு வைத்திருக்கிறது. கொழுப்பமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போக வேண்டுமானால், சி.பி.டி.-1 என்னும் வாயில் வழியாகத்தான் போக வேண்டும். கொழுப்பு செய்யும் பாதையில் உண்டாகும் மாலோனைல் கோ-ஏ நேராகப் போய் அந்த வாயிலை அடைத்துவிடுகிறது. கட்டுகிற பொருளே எரிப்பதற்குத் தடையாக இருக்கிறது.

பட்டினியில் இது தலைகீழாகும். ஆற்றல் குறைந்ததை உணரும் ஏ.எம்.பி.கே. என்னும் புரதம் ஏ.சி.சி.-யை அணைக்கிறது, மாலோனைல் கோ-ஏ குறைகிறது, வாயில் திறக்கிறது. நாள் முழுவதும் எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பவருக்கு அந்த வாயில் திறக்கும் நேரம் சுருங்கிவிடுகிறது. உயிர்வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த பூட்டு இதுதான் என்பதால் வகுப்பில் சற்று அதிக நேரம் இதிலேயே நின்றுவிடுவேன், இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

எனக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்கிறார் டாக்டர். வேலை செய்யாத இன்சுலின் எப்படிக் கொழுப்பைச் செய்யச் சொல்லும்?

மிகக் கூர்மையான கேள்வி. ஆய்வாளர்களையே நெடுநாள் குழப்பியது. கல்லீரல் செல்லுக்கு இன்சுலின் இரண்டு கட்டளைகள் இடுகிறது: 'குளுக்கோஸ் செய்வதை நிறுத்து', 'கொழுப்பு செய்வதைத் தொடங்கு'. இன்சுலின் எதிர்ப்பு வந்த கல்லீரல் முதற்கட்டளையைக் கேட்பதில்லை. ஆனால் இரண்டாவதைத் தட்டாமல் நிறைவேற்றுகிறது. சர்க்கரை ஏறுவதால் கணையம் இன்னும் அதிக இன்சுலினைச் சுரக்கிறது; சுரந்தது அத்தனையும் கொழுப்புத் தொழிற்சாலைக்கே ஊட்டமாகிறது. எஸ்.ஆர்.இ.பி.பி. புரதங்களைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் 2008-இல் இதைத் தேர்ந்தெடுத்த இன்சுலின் எதிர்ப்பு என்று விளக்கினார்கள்.

மனிதரிடமும் இதற்குச் சான்று உண்டு. இன்சுலினின் கட்டளையைச் செல்லில் வாங்கும் ஏற்பியே பழுதாகப் பிறந்தவர்களுக்குக் கடுமையான இன்சுலின் எதிர்ப்பு இருந்தும் கல்லீரலில் கொழுப்பு சேர்வதில்லை, ஏனெனில் அவர்களின் செல்லுக்கு இரண்டு கட்டளைகளும் காதில் விழுவதில்லை. பாதிச் செவிடுதான் கொழுப்பைச் சேர்க்கிறது.

இதனுடன் உடற்கொழுப்புத் திசுவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே இன்சுலின் இடும் கட்டளை 'கொழுப்பை வெளியே விடாதே' என்பது. அந்தத் திசு காதுகொடுக்காவிட்டால் கொழுப்பமிலங்கள் இரவும் பகலும் கசிந்து இரத்தத்தில் வரும். முன்பு சொன்ன 59 விழுக்காட்டின் ஊற்று அதுவே.

கல்லீரல் கொழுப்பை வெளியே அனுப்பிவிட முடியாதா?

அனுப்புகிறது. மிகக் குறை அடர்த்திக் கொழுப்புப் புரதம், அதாவது வி.எல்.டி.எல். என்னும் துகள்களாகப் பொதிந்து இரத்தத்தில் விடுகிறது. ஒவ்வொரு துகளுக்கும் ஏ.பி.ஓ.-பி100 என்னும் மிகப்பெரிய புரதம் ஒன்று முதுகெலும்பு. அதன்மேல் கொழுப்பை ஏற்றுவது எம்.டி.பி. என்னும் கடத்துப் புரதம், வெளிப்போர்வை பாஸ்போலிப்பிடு. இந்த மூன்றில் எது குறைந்தாலும் சரக்கு செல்லிலேயே தங்கிவிடும். பிறவியிலேயே மிக அதிகக் கொலஸ்ட்ரால் உள்ளவர்களுக்கு எம்.டி.பி.-யைத் தடுக்கும் லோமிட்டபைடு என்ற மருந்து உண்டு. இரத்தத்தில் கொழுப்பு குறையும், கல்லீரலில் கூடும்.

போர்வையின் கதை சுவையானது. இன்சுலின் கண்டறியப்பட்டபின், கணையம் அகற்றப்பட்ட நாய்களை இன்சுலின் கொடுத்தே கனடாவின் டொரண்டோவில் வாழவைத்தார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் அவற்றின் கல்லீரல் கொழுப்பால் வீங்கியது. பச்சைக் கணையத்தை உணவாகக் கொடுத்தால் தேறின. கணையத்தில் இருந்த எது காப்பாற்றியது என்று தேடிப்போன சார்லஸ் பெஸ்ட் குழுவினர், லெசித்தின் என்னும் பாஸ்போலிப்பிடு வழியாக 1932-இல் கோலின் என்னும் சத்தை வந்தடைந்தார்கள். துகளின் போர்வைக்கு வேண்டிய பாஸ்போலிப்பிடு கோலினிலிருந்து செய்யப்படுவது; முட்டை மஞ்சட்கருவில் அது நிறைய உண்டு. கொழுப்பைக் கல்லீரலிலிருந்து வெளியேற்ற, முட்டை மஞ்சட்கருவில் உள்ள ஒரு பொருளே தேவைப்படுகிறது என்பதைக் கேட்டுப் பலர் வியப்பார்கள்.

ஏற்றுமதிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. வரத்து கூடும்போது முதலில் செல் அதிகம் அனுப்பும். அதனால்தான் பலருக்குக் கல்லீரலில் கொழுப்போடு இரத்த ட்ரைகிளிசரைடும் ஏறியிருக்கும். ஓர் அளவுக்குமேல் மதகு அகலாது. ஏரி மட்டும் ஏறும்.

சேர்ந்துவிட்ட துளியைச் செல் எப்படிக் கரைக்கிறது?

இரண்டு வழிகள். ஒன்று, துளியின் மேற்பரப்பிலேயே ஏ.டி.ஜி.எல். என்னும் நொதி ட்ரைகிளிசரைடிலிருந்து கொழுப்பமிலத்தை ஒவ்வொன்றாகக் கழற்றுவது. அதற்கு சி.ஜி.ஐ.-58 என்னும் துணைப்புரதம் வேண்டும். துணை இல்லாவிட்டால் நொதி ஏறத்தாழச் சும்மா இருக்கும். மற்றொன்று, துளியின் ஒரு பகுதியைச் சவ்வுப் பையில் சுற்றி, செல்லின் செரிமானப் பையான லைசோசோமிடம் கொடுத்துச் செரிக்கவைப்பது. செல் தன் பழுதான உறுப்புகளைத் தானே தின்னும் அதே முறை கொழுப்புக்கும் பொருந்தும் என்று 2009-இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

நான் ஒல்லியாக இருக்கிறேன். எனக்கு எப்படிக் கொழுப்புக் கல்லீரல்?

எடை எந்திரம் சொல்வது மொத்தக் கணக்கு; கொழுப்பு எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. தோலடிக் கொழுப்புத் திசு என்பது உடலின் பாதுகாப்பான பண்டகசாலை. அதன் கொள்ளளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். அது நிறைந்துவிட்டால், எடை குறைவாக இருந்தாலும் மிச்சம் கல்லீரலுக்கும் வயிற்றறைக்கும் வழிந்து போகும். தோலடிக் கொழுப்பே இல்லாமல் பிறக்கும் அரிய நோயாளிகள் இதற்கு உச்சமான சான்று. வெளியில் கொழுப்பே இல்லாத மெலிந்த உடல்; உள்ளே கொழுப்பேறிய பெரிய கல்லீரல்.

தெற்காசியர்களுக்கு அதே எடையில் ஐரோப்பியரைவிட வயிற்றறைக் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் கூடுதலாக இருப்பதால்தான், நம்மவர்களுக்கு உடல் நிறைக் குறியீட்டில் 25-க்குப் பதிலாக 23-லிருந்தே கவனம் வேண்டும் என்று சொல்லப்படுகிறது. இந்திய அரசும் 2021-இல் தன் தொற்றா நோய்த் திட்டத்தில் கொழுப்பேறிய கல்லீரலைச் சேர்த்தது. 'சதை போடவில்லையே, எனக்கென்ன' என்ற ஆறுதல் நம் வீடுகளில் நிறையவே தீங்கு செய்கிறது.

இது பரம்பரையாக வருமா?

நாட்டத்தை மரபணு கூட்டலாம் அல்லது குறைக்கலாம். பி.என்.பி.எல்.ஏ.3 என்னும் மரபணுவில் 148-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதுதான் இதுவரை அறிந்தவற்றில் மிகவும் வலுவானது. டாலஸ் நகர மக்களை ஆராய்ந்த ஹெலன் ஹாப்ஸ், ஜொனத்தன் கோஹன் குழுவினர் 2008-இல் இதை வெளியிட்டார்கள்.

இதில் ஒரு புதிர் இருந்தது. இந்த மரபணுவையே நீக்கிவிட்ட எலிகளுக்குக் கொழுப்பு சேரவில்லை. மாறிய புரதம் இருந்தால்தான் சேர்கிறது. இல்லாமை கெடுக்கவில்லை, இருப்பு கெடுக்கிறது. விடை கிடைத்தபோது எளிதாக இருந்தது. இயல்பான புரதத்தைச் செல் அவ்வப்போது அகற்றிவிடும். மாறியது அகற்றப்படாமல் துளியின் மேல் குவிகிறது. குவிந்து, மேலே சொன்ன சி.ஜி.ஐ.-58 துணைப்புரதத்தைத் தன்பக்கம் பிடித்துவைத்துக்கொள்கிறது. துணையில்லாத ஏ.டி.ஜி.எல். கைகட்டி நிற்கிறது. குதிரின் வாயிலில் நின்று, எடுக்க வருபவரை உள்ளே விடாத ஆள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ரத்தத்தில் கொலஸ்ட்ரால், ட்ரைகிளிசரைடு எல்லாம் நார்மல். கல்லீரலில் மட்டும் கொழுப்பு என்றால் ரிப்போர்ட் தவறா?

தவறாக இருக்க வேண்டியதில்லை. பி.என்.பி.எல்.ஏ.3 மாற்றம் உள்ளவர்களின் இரத்தக் கொழுப்பு பெரும்பாலும் உயர்வதில்லை. 2014-இல் அறியப்பட்ட டி.எம்.6எஸ்.எஃப்.2 மரபணு மாற்றம் இன்னும் விசித்திரமானது: வி.எல்.டி.எல். துகளில் கொழுப்பு சரியாக ஏறாததால் கல்லீரலில் கொழுப்பு கூடுகிறது, இரத்தத்தில் குறைகிறது, மாரடைப்பு வாய்ப்பும் சற்றே குறைகிறது. ஏற்றுமதி பற்றிய பதிலை நினைவில் வைத்தால் இதில் வியப்பில்லை.

எஸ்.ஜி.பி.டி. நார்மலாக இருந்தால் பயமில்லைதானே?

எஸ்.ஜி.பி.டி. என்பது செல் காயப்படும்போது இரத்தத்தில் கசியும் நொதி. கொழுப்பின் அளவை அது அளப்பதில்லை. துளிகள் நிறைந்த செல்லும் காயப்படாமல் இருந்தால் அளவு இயல்பாகவே இருக்கும். கல்லீரலில் நார்த் தழும்பு மெல்லச் சேர்ந்துகொண்டிருக்கும்போதும் இயல்பாக இருந்ததுண்டு.

அப்படியானால் அந்தக் கொழுப்புத் துளிதான் விஷமா?

இந்தப் பக்கத்தில் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: துளி விஷமன்று, விஷத்தை அடைத்து வைத்த பாத்திரம். செல்லைக் கெடுப்பவை துளிக்குள் அடங்காமல் திரியும் பால்மிட்டிக் அமிலம், செராமைடுகள், டைகிளிசரைடுகள் போன்றவை. வளர்ப்புச் செல்களுக்குப் பால்மிட்டிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் அவை மடிகின்றன; ஆலிவ் எண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் உள்ள ஒலெயிக் அமிலத்தையும் சேர்த்துக் கொடுத்தால் அவை நிறையத் துளிகளைச் செய்து பிழைத்துக்கொள்கின்றன.

2007-இல் வெளிவந்த ஓர் எலி ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. அழற்சியுடன் கூடிய கொழுப்புக் கல்லீரல் உள்ள எலிகளில், துளியைக் கட்டும் டிகாட்-2 நொதியைக் குறைத்தார்கள். கொழுப்பு குறைந்தது, காயமும் தழும்பும் கூடின. வரத்தைக் குறைக்காமல் நெற்குதிர் ஒன்றை மட்டும் உடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். இந்த நொதியை வேறு நிலைகளில் தடுத்தபோது எல்லா இடத்திலும் இதே விளைவு வந்துவிடவில்லை. ஆனால் ஸ்கேனில் கொழுப்பு குறைவது ஒன்றே நலம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதை அது கற்பித்தது.

பெரிய துளி, சின்னத் துளி என்று பயாப்சியில் எழுதியிருக்கிறார்களே, என்ன வேறுபாடு?

ஒரே பெரிய துளி செல்லின் கருவை ஓரத்துக்குத் தள்ளியிருந்தால் அது பெருந்துளி வகை. உடற்பருமன், நீரிழிவு, மது ஆகியவற்றில் வழக்கமாகக் காணப்படுவது இதுவே. நுரை போல எண்ணற்ற சிறு துளிகள் செல்லை நிரப்பியிருந்தால், மைட்டோகாண்ட்ரியாவில் எரித்தல் பெரிதும் பழுதாகியிருக்கிறது என்று பொருள். கர்ப்பகாலக் கடுங்கொழுப்புக் கல்லீரல், குழந்தைகளுக்கு அரிதாக வரும் ரே நோய் ஆகியவை இவ்வகை. பார்க்கச் சிறியதாக இருந்தாலும் பரவலான சிறுதுளி வகையே அவசர ஆபத்து.

மது குடித்தாலும் இதே கொழுப்புதானே சேர்கிறது?

துளி அதே துளிதான். சேரும் வழியில் வேறுபாடு உண்டு. மதுவைச் சிதைக்கும்போது செல்லில் என்.ஏ.டி.எச். என்னும் பொருள் மிகுந்துவிடும். கொழுப்பு எரிவதற்கு அதன் வெற்று வடிவமான என்.ஏ.டி. வேண்டும், அது கிடைக்காததால் எரிதல் தேங்குகிறது. கூடவே எஸ்.ஆர்.இ.பி.பி.-1சி எழுகிறது, ஏ.எம்.பி.கே. அடங்குகிறது. அதாவது, சர்க்கரை மெல்லச் செய்வதை மது ஒரே மாலையில் செய்கிறது. பருமனும் மதுவும் சேர்ந்தவரிடம் கணக்கு இரட்டிக்கிறது. 2023-இல் நோயின் பெயரை மாற்றியபோது, 'மது சாராத' என்ற பழைய அடைமொழியை விட்டுவிட்டு 'வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த' என்று வைத்து, இரண்டும் கலந்த நிலைக்குத் தனிப் பெயரும் தந்தார்கள்.

பட்டினி கிடந்தால் சீக்கிரம் கரைந்துவிடுமா?

கணக்கைப் பாருங்கள். முழுப்பட்டினியில் இன்சுலின் வீழ்கிறது. உடற்கொழுப்புத் திசு கொழுப்பமிலங்களை அள்ளி விடுகிறது. இரண்டாவது கால்வாய் பெருகுகிறது. எரிக்கும் வாயிலும் திறந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் வரத்து அதைவிட வேகமாக இருந்தால் கல்லீரலில் கொழுப்பு தற்காலிகமாகக் கூடும். ஒரு நாள் பட்டினி போட்ட எலியின் கல்லீரல் கொழுப்பேறிக் காட்சியளிப்பது ஆய்வகத்தில் யாரும் பார்க்கக்கூடியது. புரதமே இல்லாமல் வாடும் குழந்தைகளிடம் காணும் கொழுப்புக் கல்லீரலும், எடுப்பதற்கு ஆளில்லாத சரக்கு தேங்கும் கதையே.

படிப்படியாகக் குறைப்பதே பயன் தரும். உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு தெளிவாகக் குறைகிறது. 7 முதல் 10 விழுக்காட்டில் அழற்சி தணிகிறது. 10-க்கு மேல் போனவர்களில் பலருக்குத் தழும்பும் பின்வாங்கியிருக்கிறது. எடையில் மாற்றமே தெரியாவிட்டாலும் உடற்பயிற்சிக்குத் தனிப் பயன் உண்டு. தசை சர்க்கரையை வாங்கிக்கொண்டால் கல்லீரலுக்குக் கொழுப்பு செய்ய மூலப்பொருள் குறைகிறது. இன்சுலின் எதிர்ப்புள்ள இளைஞர்களில் ஒரே ஒரு முறை 45 நிமிடம் செய்த பயிற்சியே அடுத்த உணவுக்குப்பின் கல்லீரல் செய்யும் புதுக் கொழுப்பைக் குறைத்தது.

கொழுப்பு செய்யும் நொதியையே மருந்தால் நிறுத்திவிடலாமே?

முயன்றார்கள். ஏ.சி.சி.-யைத் தடுக்கும் மருந்துகள் கல்லீரல் கொழுப்பை உண்மையிலேயே குறைத்தன. ஆனால் இரத்த ட்ரைகிளிசரைடு ஏறியது. நீண்ட பன்முகச் செறிவற்ற கொழுப்பமிலங்களைச் செய்யவும் மாலோனைல் கோ-ஏ வேண்டும். அவை குறைந்ததும் எஸ்.ஆர்.இ.பி.பி.-1சி-யை அடக்கிவைத்திருந்த கை தளர்ந்தது. அது எழுந்து ஏற்றுமதியை முடுக்கிவிட்டது. ஓர் இடத்தில் அழுத்தினால் மறுஇடத்தில் புடைக்கும் அமைப்பு இது.

இதுவரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்துகள் வேறு வழியில் போனவை. 2024 மார்ச்சில் வந்த ரெஸ்மெட்டிரோம், கல்லீரலில் மிகுந்துள்ள தைராய்டு ஏற்பியின் பீட்டா வகையைத் தூண்டி எரிக்கும் மதகை அகலப்படுத்துகிறது. 2025 ஆகஸ்டில் இந்நோய்க்கும் ஒப்புதல் பெற்ற செமாகுளுடைடு, கல்லீரல் செல்லை நேராகத் தொடுவதாகவே தெரியவில்லை. அது பற்றிக்கொள்ளும் ஏற்பி அந்தச் செல்லில் குறிப்பிடத்தக்க அளவில் இல்லை. பசியைக் குறைத்து, எடையைக் குறைத்து, கால்வாய்களின் தலைமடையிலேயே வரத்தைக் குறைக்கிறது. இரண்டும் அழற்சியும் மிதமான அல்லது முற்றிய தழும்பும் உள்ளவர்களுக்கானவை. கல்லீரல் சுருங்கிவிட்டவர்களுக்கும், 'கிரேடு 1' என்று அறிக்கை வாங்கி வந்தவர்களுக்கும் அல்ல.

ஒருமுறை கொழுப்பு ஏறிய செல் பழையபடி ஆகுமா?

ஆகும். பிரான்சில் வாத்துகளுக்குத் தொண்டை வழியாகச் சோளத்தைத் திணித்து, கல்லீரலைப் பல மடங்கு பெரிதாக்கி உணவாக விற்கிறார்கள். வலசை போகும் நீர்ப்பறவைகளுக்குக் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் இயல்பு உண்டு. அந்த இயல்பை மனிதன் அளவுக்குமேல் இழுத்ததே இந்தத் தொழில். திணிப்பதை நிறுத்திவிட்டால் சில வாரங்களில் அந்தக் கல்லீரல் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. மனிதச் செல்லும் துளியைக் கரைக்கும் நொதிகளை இழந்துவிடுவதில்லை. வரத்து குறைந்தால் அவை வேலையைத் தொடங்குகின்றன. திரும்பக் கடினமானது தழும்பு. அதைச் செய்வது கல்லீரல் செல் அன்று, அதற்கு அருகிலுள்ள விண்மீன் வடிவச் செல்கள். அவை காயத்தின் குறிப்பைக் கேட்டு நார்ப்புரதத்தைப் பின்னத் தொடங்கியபின், கொழுப்பு கரைந்தாலும் பின்னியது பிரிய ஆண்டுகள் ஆகலாம். ஆகவே அறிக்கையை எடுத்துக்கொண்டு வருபவர்களிடம் கொழுப்பின் கிரேடு என்ன என்பதைவிட, தழும்பு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டீர்களா என்பதையே நான் முதலில் விசாரிக்கிறேன்.